ஆட்ரி ஹெப்பர்னின் கடைசி ஐந்து வருஷம்: யாராவது பேசுவோமா?

#1 பழைய_புரொஜெக்டர்

நம்ம குழுவில் வாரம் ஒருமுறையாவது ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் புகைப்படம் வந்துவிடுகிறது. கறுப்பு கவுன், முத்துமாலை, நீள சிகரெட் ஹோல்டர். கீழே வரிசையாக 'தேவதை', 'தேவதை' என்று கமெண்ட். எனக்கும் அந்த முகம் பிடிக்கும். 'ரோமன் ஹாலிடே'யை எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் இந்த அம்மாள் 1988 மார்ச்சிலிருந்து 1992 செப்டம்பர் வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருத்தரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 1967க்குப் பிறகு அவர் நடிப்பை ஏறக்குறைய விட்டுவிட்டார். இரண்டு பையன்களை வளர்க்க வேண்டும் என்று ரோமிலும் சுவிட்சர்லாந்தில் ஒரு கிராமத்திலுமாக இருந்துகொண்டார். 1976ல் ஒன்று, 1979ல் ஒன்று என எப்போதாவது ஒரு படம், அவ்வளவுதான். 1987 அக்டோபரில் மக்காவ் நகரில், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபுக்காக ஒரு இசை நிகழ்ச்சி. உறவுக்காரர் ஒருவர் கூப்பிட்டார் என்று அங்கே போய்ச் சில நிமிடம் பேசினார். அது எடுபட்டுவிட்டது. அடுத்த வருஷம் மார்ச்சில் யூனிசெஃபின் சிறப்புத் தூதர். பதவி கிடைத்த கையோடு முதல் பயணம் எத்தியோப்பியா. மெக்கெலேயில் ஐந்நூறு குழந்தைகள் பட்டினியில் கிடந்த ஒரு அநாதை இல்லத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அதே வருஷம் துருக்கி, வெனிசுவேலா, எக்வடார். 1989ல் ஹோண்டுராஸ், எல் சால்வடார், குவாத்தமாலா, சூடான், பங்களாதேஷ். 1990ல் வியட்நாம். 1992ல் சோமாலியா. சம்பளம் வருஷத்துக்கு 1 டாலர், அதுவும் கணக்குக்காக.

என் கட்சி இதுதான்: ஓய்வுகாலத்தில் பொழுது போகாமல் செய்த தர்ம காரியம் இல்லை இது. முழுநேர உத்தியோகம். போவதற்கு முன்னால் அந்த நாட்டைப் பற்றிக் கொடுத்த குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். திரும்பி வந்ததும் ஊர் ஊராகப் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார், அமெரிக்க காங்கிரஸ் குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார். கூட்டத்தைக் கண்டால் கூச்சப்படும் பெண்மணி அவர். கேமராவை விட்டு ஓடிப்போய் இருபது வருஷம் ஒளிந்திருந்தவர், அதே கேமராவைத் தானே கூப்பிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

#2 சந்தேகப்பேர்வழி

புரொஜெக்டர் சார், நல்ல பதிவு. ஆனால் வழக்கம்போல நான் கல்லைப் போடுகிறேன்.

எலும்பும் தோலுமாக ஒரு கறுப்பினக் குழந்தை, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட அழகான ஐரோப்பியப் பெண்மணி. இந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தக் குழந்தையின் பெயர் யாருக்கும் தெரியாது. அழகான அம்மாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

1988 எத்தியோப்பியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டுமா காரணம்? மெங்கிஸ்து அரசு திக்ரேயிலும் எரித்ரியாவிலும் போர் நடத்திக்கொண்டிருந்தது, உணவை ஆயுதமாக வைத்திருந்தது. அவர் வந்துபோன சூட்டோடு, ஏப்ரலில், வடக்கில் இருந்த வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களை அந்த அரசு கிளம்பச் சொல்லிவிட்டது. ஐ.நா. தூதர் என்ற முறையில் ஹெப்பர்னால் அந்த அரசைப் பெயர் சொல்லித் திட்ட முடியாது. திட்டினால் அடுத்த விசா கிடையாது. அப்படியானால் இந்தத் தூதர் வேலைக்கு என்ன அர்த்தம்? பஞ்சத்தைக் காட்டலாம், பஞ்சத்தை உண்டாக்கியவனைக் காட்டக் கூடாது.

#3 வைகை_மைனா

சந்தேகம் அண்ணா சொல்வதில் பாதி சரி என்றே எனக்கும் படுகிறது. இந்த 'வெள்ளைக்கார ரட்சகர்' படங்களைப் பற்றிக் கல்லூரியில் நிறையப் படித்தோம்.

ஆனால் அந்தப் படங்களில் பலவற்றை எடுத்தவர் யார் தெரியுமா? ஜான் ஐசக். தமிழ்நாட்டில் பிறந்தவர்! 1960களின் கடைசியில் ஒரு கிட்டாரோடு நியூயார்க் போய் இறங்கியவர். தெருவில் பாடிக்கொண்டிருந்தபோது ஐ.நா. பாடகர் குழுவுக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்து ஐ.நா.வில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, பிறகு இருட்டறை, பிறகு கேமரா, கடைசியில் ஐ.நா. புகைப்படப் பிரிவுக்கே தலைவர். ஹெப்பர்னோடு பல பயணங்களில் கூடப் போயிருக்கிறார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. முகாம்களில் குழந்தைகள் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும், வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரிடமும் தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி தயக்கம் தெரியும், இவரிடம் மட்டும் அது இல்லை, நேராகப் போய் வாரி அணைத்துக்கொள்வார் என்கிறார். லென்ஸ் வழியாக வருஷக்கணக்கில் பிரமுகர்களைப் பார்த்த ஒரு ஆள் சொல்வது. நடிப்பா இல்லையா என்று அவருக்குத் தெரியாதா?

அந்த ஐசக்கே 1994ல் ருவாண்டா இனப்படுகொலையைப் படமெடுத்துவிட்டு மனம் உடைந்துபோய்க் கொஞ்ச காலம் கேமராவைத் தொடாமல் இருந்தார். பிறகு காஷ்மீர், புலிகள் என்று வேறு பக்கம் போய்விட்டார். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம்.

#4 சந்தேகப்பேர்வழி

> நடிப்பா இல்லையா என்று அவருக்குத் தெரியாதா?

தங்கச்சி, அவர் நடித்தார் என்று நான் சொல்லவே இல்லை. அவர் நல்லவர்தான். நல்லவர் ஒருத்தர் போனதால் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

ஜான் ஐசக் தகவலுக்கு நன்றி. தெரியாது எனக்கு.

#5 மருந்துப்பெட்டி

நான் ஓய்வு பெற்ற வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியர். சினிமா அவ்வளவாகத் தெரியாது, இந்தக் குழுவில் பழைய பாட்டுக்காக இருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

தம்பி சந்தேகம், 1980களை நீங்கள் பஞ்சப் படங்களை மட்டும் வைத்துப் பார்க்கிறீர்கள். அந்தப் பத்து வருஷத்தில் யூனிசெஃப் முக்கியமாகச் செய்தது கஞ்சி ஊற்றுவது இல்லை. ஜேம்ஸ் கிராண்ட் என்று ஒருவர் தலைவராக இருந்தார். குழந்தையின் எடையை மாதாமாதம் பார், பேதி வந்தால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடு, தாய்ப்பால் கொடு, தடுப்பூசி போடு. இந்த நான்கைத்தான் உலகம் பூராவும் பிடித்துக்கொண்டு நின்றார். 1990க்குள் உலகக் குழந்தைகளில் 80 சதவீதத்துக்குத் தடுப்பூசி என்பது இலக்கு. நம்ம நாட்டில் 1985ல் யுனிவர்சல் இம்யூனைசேஷன் புரோகிராம் வந்ததும் அந்த அலையில்தான். நாங்கள் புதன்கிழமை தோறும் தோளில் வாக்சின் கேரியரை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அதனால்தான்.

இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? பஞ்சம் என்றால் டிவியில் காட்டலாம், ஜனங்கள் அழுதுகொண்டே பணம் அனுப்புவார்கள். ஐஸ் பேக்கையும் எடை பார்க்கும் தராசையும் காட்டினால் எவன் கொடுப்பான்? அங்கேதான் இந்த அம்மா வேலை செய்திருக்கிறார். துருக்கிக்குப் போனதே தடுப்பூசி விஷயமாகத்தான், அங்கே பஞ்சமெல்லாம் கிடையாது. ராணுவம் லாரி கொடுத்தது, மீன் வியாபாரிகள் மருந்து கொண்டுபோக மீன் வண்டியைக் கொடுத்தார்கள், பத்து நாளில் நாடு முழுக்க ஊசி போட்டு முடித்தார்கள் என்று எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறார். அந்த மீன் வண்டி சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. மருந்து சூடாகிவிட்டால் போடுவது வெறும் தண்ணீர்தான், பிரயோஜனம் இல்லை. குளிர் கெடாமல் கடைசி வீடு வரை கொண்டுபோவதுதான் மொத்த வித்தையும். எங்கள் கேரியரில் நான்கு ஐஸ் பேக். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்தால் சாயங்காலத்துக்குள் முடித்துத் திரும்பியாக வேண்டும். நடுவில் பஸ் வராவிட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அப்போது எங்களுக்கும் ஒரு மீன் வண்டி கிடைத்திருந்தால்!

1989ல் பங்களாதேஷ் போனார் என்று புரொஜெக்டர் சார் எழுதியிருக்கிறார். அங்கே அப்போது பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல். பேதியில் போகிற குழந்தையை அம்மாவே அடுப்படிச் சாமானை வைத்துக் காப்பாற்றலாம். இதெல்லாம் நடக்கிறது என்று நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொல்ல ஒரு தெரிந்த முகம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அந்த அம்மாவின் வேலை. அதைச் சரியாகச் செய்தார்.

#6 பழைய_புரொஜெக்டர்

அக்கா, நான் இரண்டு பக்கம் எழுதினாலும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

#7 அரைக்கிழம்

ஒரு சரித்திரக் குறிப்பு. இவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் 'குழந்தையாக இருந்தபோது யூனிசெஃப் அவருக்குச் சோறு போட்டது' என்று எழுதுகிறார்கள். யூனிசெஃப் தொடங்கியதே 1946 டிசம்பரில். நெதர்லாந்தில் ஆட்ரி இருந்த வெல்ப் ஊர் ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுதலையானது 1945 ஏப்ரலில். வந்து சோறு போட்டது 'உன்ரா' என்ற முந்தைய நிவாரண அமைப்பு. அது கலைக்கப்பட்டபோதுதான் குழந்தைகளுக்கென்று யூனிசெஃப் பிறந்தது. வாரிசு என்ற முறையில் கணக்கு சரிதான், தேதிதான் சரியில்லை.

அந்தப் பட்டினி என்னவென்று தெரிந்தால்தான் பிற்காலம் புரியும். 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றன. டச்சு ரயில்வேக்காரர்கள் அதற்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தார்கள், பழிக்குப் பழியாக ஜெர்மானியர்கள் உணவு போகும் வழியை அடைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் சுமார் 20,000 பேர் பட்டினியில் செத்தார்கள். ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கை அரைத்துச் சாப்பிட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ரத்தசோகை, மஞ்சள் காமாலை, கால் வீக்கம். 'ஆஹா, எவ்வளவு ஒல்லி, எவ்வளவு நளினம்' என்று ஹாலிவுட் கொண்டாடிய உடம்பு இப்படித்தான் உருவானது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவருடைய அப்பாவும் அம்மாவும் 1930களின் நடுவில் பாசிஸ்டுகளுக்கு ஆதரவாக இருந்தவர்கள். அப்பா 1935ல் வீட்டை விட்டே போய்விட்டார். அம்மாவின் மனம் மாறியது ஆக்கிரமிப்பு வந்த பிறகு. 1942ல் ஆட்ரியின் பெரியம்மா கணவரை ஜெர்மானியர்கள் பிணைக்கைதியாகப் பிடித்துச் சுட்டுக்கொன்றார்கள். எதிர்ப்பு இயக்கத்துக்குப் பணம் சேர்க்க, ஜன்னலை எல்லாம் அடைத்த வீடுகளில் இந்தப் பெண் நடனமாடியது அதற்குப் பிறகு. விட்டுப்போன அந்த அப்பாவைப் பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் டப்ளினில் தேடிக் கண்டுபிடித்து, அவர் சாகும்வரை பணம் அனுப்பினார்.

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபடி டைரி எழுதிய யூதச் சிறுமி ஆனி ஃபிராங்க் 1929 ஜூனில் பிறந்தவள், ஆட்ரி 1929 மேயில். போர்க்காலத்தில் இருவரும் இருந்தது ஒரே நாட்டில். ஆனியாக நடிக்க அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார். 1990ல், யூனிசெஃபுக்காக நடந்த இசை நிகழ்ச்சிகளில், ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க அந்த டைரியிலிருந்து மேடையில் படித்தார். நடிக்க மறுத்ததை அறுபது வயதில் வாசிக்கச் சம்மதித்தார் என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது.

#8 மருந்துப்பெட்டி

அரைக்கிழம் சார், விடுதலை வந்ததும் ஒரு முழு டப்பா கண்டென்ஸ்டு மில்க்கை ஒரே மூச்சில் சாப்பிட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார் அல்லவா. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று இனிப்பும் கொழுப்பும் கொடுத்தால் தாங்காது, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முகாம்களில் முதலில் பாலை நீர்க்கக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். அந்தக் குழந்தைகள் முன்னால் போய் நின்றபோது அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

#9 குசும்பன்_77

இவ்வளவு சீரியஸா போகுதே, நான் ஏதோ புது ஸ்டில் போட்டிருக்காங்கன்னு வந்தேன்.

#10 நெறியாளர்

குசும்பன், ஸ்டில் இழை தனியாக இருக்கிறது. இங்கே விஷயத்தைப் பேசுவோம்.

#11 லெமான்_கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது சுவிசில, லோசானில. ஆட்ரி இருந்த தொலோஷ்னா எங்களுக்குப் பக்கம்தான். ரயிலில மோர்ஜ் போய் இறங்கினால் நடந்தே போகலாம். திராட்சைத் தோட்டமும் பழத்தோட்டமும் உள்ள சின்னக் கிராமம். அவ இருந்த வீட்டைச் சுத்தி மதில், உள்ளுக்கை போய்ப் பாக்கேலாது, தனியார் வீடு. ஊர்ச் சவக்காலையிலதான் அவவை வைச்சிருக்கு. பெரிய மண்டபமோ சிலையோ ஒண்டும் இல்லை, சின்னச் சிலுவை, பேர், 1929, 1993. ஆரும் பூ வைச்சிட்டுப் போவினம். பக்கத்தில ஊர்ச் சனத்தின்ர கல்லறையள், எல்லாம் ஒரே அளவு. ஜப்பான்காரர் கூடுதலாக வருவினம், நான் போன நேரமும் ஒரு குடும்பம் நிண்டது.

96ல ஊர்ப் பழைய பள்ளிக்கூடத்தில அவவுக்கு ஒரு நினைவுக் காட்சியகம் திறந்தவை. கொஞ்ச வருஷத்தில மூடிப்போட்டினம். குடும்பம் சாமானுகளைத் திருப்பி எடுத்திட்டுது எண்டு கதை. ஊர்ச்சனத்துக்கு அது கவலைதான்.

ஒரு விசயம் சொல்ல வேணும். நாங்கள் அகதியா வந்த ஆக்கள். முகாமில சாப்பாட்டுக்கு லைனில நிண்டிருக்கிறம். வெளியில இருந்து ஆரும் பெரிய ஆள் பாக்க வந்தால் எங்களுக்கு முதல்ல வாறது வெக்கம், பிறகுதான் மற்றதெல்லாம். வாறவை கை குடுக்கினமா, கேமராவைப் பாக்கினமா எண்டு எங்களுக்கு உடனே விளங்கும். அந்தாள் ஐசக் சொன்னதை மைனா எழுதியிருக்கிறா, அது சின்ன விசயம் இல்லைத் தங்கச்சி.

#12 சந்தேகப்பேர்வழி

லெமான் அண்ணை, இதற்கு எதிர்வாதம் செய்ய என்னால் ஆகாது. இருந்தாலும் சோமாலியாவைப் பற்றி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் கேள்வி உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரே ஓடிய பிறகு அந்த நாட்டில் அரசாங்கம் என்று ஒன்று இல்லை. ஹெப்பர்ன் 1992 செப்டம்பரில் கிஸ்மாயுவுக்கும் பைடோவாவுக்கும் போனார். விமானத்திலிருந்து பார்த்தபோது செம்மண் தரை முகாம்களைச் சுற்றி அலை அலையாக மடிந்து கிடந்ததாம், கடலடி மணல் மாதிரி. இறங்கிப் போன பிறகுதான் அத்தனையும் புதைகுழி மேடு என்று தெரிந்தது. பார்த்ததிலேயே மோசம் இதுதான், எத்தியோப்பியாவும் பங்களாதேஷும் இதற்குப் பக்கத்தில் வராது என்று சொன்னார்.

லண்டன், பாரிஸ், ஜெனிவா என்று திரும்பி வந்து ஒவ்வொரு ஊராகப் பேசினார். டிசம்பரில் அமெரிக்கப் படை இறங்கியது. சோறு போனது, உயிர் பிழைத்தார்கள், உண்மை. ஆனால் அடுத்த வருஷம் அக்டோபரில் தலைநகர் மொகடிஷு தெருவில் சண்டை, 18 அமெரிக்கச் சிப்பாய்கள் பலி, சோமாலிகள் நூற்றுக்கணக்கில். 1994 மார்ச்சில் அமெரிக்கா மூட்டை கட்டிவிட்டது. அந்த நாடு அதற்குப் பிறகும் பல வருஷம் எழுந்திருக்கவில்லை. அவரால்தான் இது நடந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. உலகத்தின் கண்ணை ஒரு பக்கம் திருப்புவது சுலபம், திருப்பிய கண் அங்கேயே நிற்பதில்லை. நட்சத்திரத் தூதர்களுடைய எல்லை அது.

#13 பழைய_புரொஜெக்டர்

எல்லை அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசியலைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிவாரணத்தை அரசியலாக்குகிறார்கள், ஒருநாள் அரசியலே மனிதாபிமானமாக மாற வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சூடானைப் பாருங்கள். 1988ல் தெற்கில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பஞ்சத்தில் போனார்கள். 1989 ஏப்ரலில் சூடான் அரசும் கிளர்ச்சிக்காரர்களும் இரண்டு பக்கத்துக்கும் உணவு போகட்டும் என்று சம்மதித்தார்கள். போர் ஓயாமலே நிவாரணத்துக்கு வழி விடும் ஏற்பாடு அது, 'ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்' என்று பெயர். அதை முன்னின்று பேசி முடித்தவர் அக்கா சொன்ன அதே ஜேம்ஸ் கிராண்ட். ஹெப்பர்ன் அந்த மாதமே அங்கே போய் நின்றார். அதே வருஷம் நவம்பர் 20ல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை ஐ.நா.வில் நிறைவேறியது, 1990 செப்டம்பரில் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உலக உச்சி மாநாடு. இதெல்லாம் தன்னால் வந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வருஷங்களில் பாரம் இழுத்தவர்கள் பலர், இவர் ஒரு கை.

இவருக்கு முன்னாலும் இந்தத் தூதர் வேலையில் நடிகர்கள் இருந்தார்கள். 1954லேயே டேனி கே, பிறகு பீட்டர் உஸ்தினோவ், லிவ் உல்மன். உஸ்தினோவ் இருந்ததும் அதே ஏரிக்கரை வட்டாரத்தில், பூர்சான் கிராமத்தில். டேனி கே குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். இவர் வந்த பிறகு அந்த வேலையின் முகமே மாறியது. போர் நடக்கும் இடத்துக்கே போவது, திரும்பி வந்து சட்டமன்றங்களில் விவரத்தோடு பேசுவது. இன்று நடிகர்கள் அகதி முகாமுக்குப் போய்விட்டு நேராகப் பாதுகாப்பு கவுன்சிலில் பேசுகிறார்கள் என்றால் பாதை இவர் போட்டது.

#14 வைகை_மைனா

சோமாலியாவுக்குப் போனபோதே உடம்பு சரியில்லையா?

#15 பழைய_புரொஜெக்டர்

வந்த பிறகு வயிற்றுவலி என்று பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் எதுவும் பிடிபடவில்லை. நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் அறுவை செய்து பார்த்தால் புற்றுநோய். குடல்வாலில் ஆரம்பித்து வயிற்று உறைக்குள் பரவும் அபூர்வ வகை. அங்கே தொற்றி வந்தது என்று சிலர் எழுதுவது அபத்தம், வருஷக்கணக்காக மெல்ல வளரும் சமாச்சாரம் அது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போக ஆசைப்பட்டார். சாதாரண விமானத்தில் பயணம் தாங்காத நிலை. உடை வடிவமைப்பாளர் ஜிவான்ஷி சொல்லி, பன்னி மெல்லன் என்ற சீமாட்டி தன் சொந்த விமானத்தைப் பூக்களால் நிரப்பி அனுப்பினார். 1993 ஜனவரி 20ல் வீட்டிலேயே போய்விட்டார், 63 வயது. அமெரிக்காவில் கிளிண்டன் பதவியேற்ற நாள். ஊர் தேவாலயத்தில் பிரார்த்தனை நடத்தியது 1954ல் அவருக்கும் மெல் ஃபெரருக்கும் கல்யாணம் செய்து வைத்த அதே பாதிரியார். மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் மனிதநேய விருதை மூத்த மகன் ஷான் வாங்கிக்கொண்டார்.

கடைசிப் பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவர் ராபர்ட் வோல்டர்ஸ். பயணங்களில் பெட்டி தூக்குவது, டிக்கெட் பார்ப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

#16 வைகை_மைனா

'அழகுக் குறிப்புகள்' என்று அவர் பெயரில் ஒரு கவிதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அன்பான வார்த்தை பேசு என்றெல்லாம் வரும். அது அவர் எழுதியதே இல்லை. சாம் லெவன்சன் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் எழுதியது, ஹெப்பர்னுக்குப் பிடித்த கவிதை, அவ்வளவுதான். இனி யாராவது அனுப்பினால் இந்த இழையை அனுப்பிவிடுங்கள்.

என் கோபம் வேறு. செத்த பிறகு அந்த முகம் யாருக்கெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். 2006ல் பேண்ட் விளம்பரம். 2013ல் கம்ப்யூட்டரில் அவரைத் திரும்ப உருவாக்கி சாக்லேட் விளம்பரம்! மகன்கள் சம்மதித்தது வேறு. பட்டினியை நினைத்துக் கடைசிவரை ஓடியவரை சாக்லேட் தின்ன வைத்திருக்கிறார்கள்.

#17 அரைக்கிழம்

சாக்லேட் அவருக்கு உயிர், அதற்கு ஏன் கோபம். விடுதலை நாளில் ஒரு சிப்பாய் கொடுத்த சாக்லேட்டைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முகத்தை விற்பதை வைத்து அந்தக் குடும்பம் மொத்தத்தையும் பழிக்க முடியாது. 1994ல் இரண்டு மகன்களும் வோல்டர்ஸும் சேர்ந்து குழந்தைகள் நிதியம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் மூத்த மகனுக்கும் அதே நிதியத்துக்கும் கோர்ட் வரை வழக்கு போனது, அம்மாவின் பெயரும் படமும் யாருக்குச் சொந்தம் என்று. சொத்து இருந்தால் வழக்கும் இருக்கும், நம்ம ஊரில் பார்க்காததா.

அந்தக் கறுப்பு கவுன் கதை தெரியுமா? ஜிவான்ஷி தன்னிடம் இருந்த ஒன்றை எழுத்தாளர் டொமினிக் லாப்பியருக்குக் கொடுத்தார். 2006 டிசம்பரில் லண்டனில் ஏலம். எழுபதாயிரம் பவுண்டைத் தாண்டாது என்று போட்ட மதிப்பு, போனதோ 4,67,200 பவுண்டுக்கு. பணம் லாப்பியரின் தொண்டு நிறுவனம் வழியாக வங்காளத்து ஏழைக் குழந்தைகளுக்கு. ஆக நீங்கள் வாரா வாரம் போடும் அந்த கவுன் கடைசியில் நம்ம நாட்டில் பள்ளிக்கூடமாகிவிட்டது.

#18 மருந்துப்பெட்டி

இது நல்லா இருக்கே.

#19 தபால்_தலை_தங்கம்

ஸ்டாம்ப் சேர்ப்பவன் என்ற முறையில் நானும் வருகிறேன். 2001ல் ஜெர்மனி அவருக்கு ஒரு தபால்தலை அச்சடித்தது. வாயில் அந்த நீள ஹோல்டர். 1 கோடியே 40 லட்சம் அச்சடித்துவிட்டு மகன் ஷானிடம் அனுமதி கேட்டார்கள். அவர் முடியாது என்றார், அம்மாவைச் சிகரெட்டோடு போடாதே என்று. அத்தனையையும் அழிக்க உத்தரவு. எப்படியோ சில தப்பி, உறைகளில் ஒட்டி ஊர் சுற்றி வந்து, ஒன்றொன்றும் பல்லாயிரம் யூரோவுக்கு விலைபோயின. 2010ல் பெர்லினில் பத்துத் தலை கொண்ட ஒரு முழுத் தாள் ஏலத்துக்கு வந்தது. 4,30,000 யூரோ. மூன்றில் இரண்டு பங்கு அந்தக் குழந்தைகள் நிதியத்துக்கு, ஒரு பங்கு ஜெர்மன் யூனிசெஃபுக்கு.

#20 குசும்பன்_77

ஒரு ஸ்டாம்ப் 43,000 யூரோ! சந்தேகம் அண்ணே, இதுக்கும் கல்லைப் போடுவீங்களா?

#21 சந்தேகப்பேர்வழி

போடாமல் இருப்பேனா. அந்தத் தாளை வாங்கின ஆசாமி தடுப்பூசிக்காகவா வாங்கினான்? ஆனால் பணம் போய்ச் சேர்ந்த இடம் சரி. மருந்துப்பெட்டி அக்கா, மீன் வண்டி சமாச்சாரத்தை நீங்கள் தனியாக எழுதுங்கள், உங்கள் ஊரில் புதன்கிழமை எப்படிப் போகும் என்பதையும் சேர்த்து. சினிமா இழையில் அது அடிபட்டுப்போகும்.

#22 மருந்துப்பெட்டி

எழுதுகிறேன் தம்பி. பேரன் தூங்கட்டும்.